யாரையும் உள்ளே விடக் கூடாது

போன வாரம் என் ஜூனியர்களான உங்களில் ஒரு பெண் ஒரு குத்தகை வரைவைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். "மேடம், ஓட்டையே இல்லாம எழுதியிருக்கேன், பாருங்க" என்றாள். பார்த்தேன். உண்மைதான், ஓட்டையே இல்லை. கூடாது, கூடாது, கூடாது என்று மூன்று பக்கம். மூச்சு விடக் கூடாது என்பது ஒன்றுதான் பாக்கி. அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. எனக்கோ பயமாக இருந்தது. ஏன் என்று அவளிடம் அப்போது சொல்லவில்லை. இப்போது எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கேட்டுவிட்டுக் கேண்டீனில் போய்க் கிழவி புலம்புகிறாள் என்று சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

எண்பதுகளின் கடைசியில் திண்டிவனத்தில் ஒரு சீனியர் வக்கீலிடம் நான் ஜூனியராக இருந்தேன். பெயர் வேண்டாம். போய்ச் சேர்ந்துவிட்டார், பேரப்பிள்ளைகள் நல்ல நிலையில் இருக்கிறார்கள். பத்திரம் எழுதுவதில் மனிதர் சூரர், அதை மறுக்க மாட்டேன். என் திறமையைப் பார்த்துத்தான் சேர்த்துக்கொண்டார் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். "பொம்பள கட்சிக்காரங்க வந்தா பேசறதுக்கு ஒரு பொம்பள வேணும்யா" என்று அவர் குமாஸ்தாவிடம் சொன்னது ஒரு நாள் காதில் விழுந்தது. அன்றிலிருந்து அந்த நினைப்பு போயிற்று.

அந்த ஆபீசுக்குத்தான் சலீமும் அவர் மனைவி மெஹருன்னிசாவும் வந்தார்கள். கோட்டக்குப்பத்துக்காரர்கள். சலீம் வளைகுடாவில் வேலை பார்ப்பவர், லீவில் வந்திருந்தார். மரக்காணத்தில் ஒரு நிலத்துக்காரரிடம் உப்பளம் ஒன்றை மனைவி பெயரில் நீண்ட குத்தகைக்கு எடுக்கப் போகிறார்கள், அதற்குப் பத்திரம் எழுத வேண்டும். மனைவி பெயரில் எடுப்பதற்குக் காரணம் இருந்தது. அவர்களுக்குக் குழந்தை இல்லை. தனக்கு ஏதாவது ஆனால் தன் பெயரில் இருப்பதற்கெல்லாம் அண்ணன் பங்கு கேட்டு வருவார் என்று சலீமுக்குத் தெரியும். இந்த உப்பளம் ஒன்றாவது மனைவிக்குச் சோறு போடட்டும் என்று நினைத்தார்.

"சார், நான் சீக்கிரம் கிளம்பிடுவேன். அளத்தை இவதான் பாத்துக்கப் போறா" என்றார். "எங்க அண்ணன் மட்டும் உள்ள வராத மாதிரி எழுதிடுங்க."

"அதுக்கென்ன, பேரைச் சொல்லுங்க. இன்னார் உள்ள வரக் கூடாதுன்னு ஒரு வரி போட்டுடலாம்" என்றார் சீனியர்.

சலீம் பதறிப்போனார். "ஐயோ, பேரெல்லாம் வேணாம் சார். ரெஜிஸ்டர் ஆபீஸ்ல நாலு பேர் படிப்பாங்க. என்னதான் இருந்தாலும் என்னைத் தூக்கி வளத்த அண்ணன். ஊர்ல அவரு தலை நிமிந்து நடக்க வேணாமா?"

மெஹருன்னிசாவும் சேர்ந்துகொண்டாள். "ஆமாங்க சார், மரியாதையா இருக்காது. பேரு போடாம எழுதிக் குடுங்க. பெரிய மச்சான் வந்து கேட்டா, நான் என்ன பண்றது மச்சான், பத்திரத்துல அப்படி இருக்குதுன்னு சொல்லிக்கிறேன். என் வாயால வேணாம்னு சொல்ல முடியாதுங்க."

புரிகிறதா? தன் வாயால் சொல்ல முடியாத "வேண்டாம்" ஒன்றைப் பத்திரத்தின் வாயால் சொல்ல வைக்க வந்திருந்தார்கள். ஒரு மனிதனுக்கு மரியாதைக் குறைவு ஆகிவிடக் கூடாது என்பதற்காக உலகத்தையே வெளியே நிறுத்தத் தயாராக இருந்தார்கள். நம் ஊரில்தான் இது நடக்கும்.

சீனியருக்கு உற்சாகம் தாங்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "குத்தகைதாரர் தானே நேரில் இருந்து உப்பளத்தை நடத்தி வர வேண்டியது. கணவர் வழி உறவினர், தன் வழி உறவினர், கூட்டாளி, ஏஜெண்டு என எந்தப் பெயராலும் வேறு எவரையும் நிர்வாகத்துக்கோ மேற்பார்வைக்கோ உள்ளே விடக் கூடாது. விட்டால் குத்தகை ரத்தாக வேண்டியது." கூட வந்து உட்கார்ந்திருந்த நிலத்துக்காரருக்கு என்ன வலிக்கிறது? தனக்குச் சாதகமாக ஒன்று சும்மா கிடைக்கிறது. தலையை ஆட்டினார்.

"சார், அவங்களுக்கு உடம்பு சரியில்லாம போச்சுன்னா யாரு பாத்துப்பாங்க?" என்று நான் கேட்டேன்.

"உடம்பு சரியில்லன்னா லீவு போடுவாங்க. நீ எழுதும்மா" என்றார்.

மெஹருன்னிசா சிரித்தாள். நன்றாகச் சிரிப்பாள் அந்தப் பெண்.

அதற்கப்புறம் அவள் செய்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அனுமந்தையில் ஒரு கேஸ் விஷயமாகப் போனபோதெல்லாம் மரக்காணத்தில் இறங்கி அவள் அளத்துக்கும் போய் வருவேன். விடிகிற நேரத்துக்குப் பஸ் பிடித்து வந்துவிடுவாள். புர்காவுக்கு மேல் பெரிய கறுப்புக் குடை. எந்தப் பாத்திக்குத் தண்ணீர் விட வேண்டும், எதில் உப்பு வார வேண்டும் என்று கூலிக்கு வரும் பெண்களிடமே கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டாள். அவர்கள் அவளைப் "பாய் வூட்டம்மா" என்று கூப்பிடுவார்கள். வேலை பிந்தினால் கத்துவாள், அவர்களும் திருப்பிக் கத்துவார்கள், அப்புறம் எல்லோரும் சேர்ந்து டீ குடிப்பார்கள். சலீமின் அண்ணன் மேற்பார்வைக்கு வருகிறேன் என்று இரண்டு தடவை கேட்டாராம். "பத்திரத்துல இல்லீங்களே மச்சான்" என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறாள். "உங்க சார் எழுதுனது நல்லா வேலை செய்யுது வக்கீலம்மா" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

அப்புறம் ஒரு கோடையில், உப்பு நன்றாக இறங்குகிற நேரம் பார்த்து, சலீம் வளைகுடாவிலேயே மாரடைப்பில் மௌத்தாகிவிட்டார். உடம்பு வரவில்லை. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். மெஹருன்னிசா இத்தாவில் உட்கார்ந்தாள். உங்களில் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கணவன் இறந்தால் முஸ்லிம் பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இருப்பாள், வெளி ஆண்கள் முன்னால் வர மாட்டாள்.

உப்பு அதற்கெல்லாம் காத்திருக்குமா? வாராமல் விட்டால் பாத்தி இறுகிப்போகும், நடுவில் ஒரு மழை வந்தால் எல்லாம் கரைந்தும் போகும். அவளுக்கு ஒரே தம்பி, காஜா. கோட்டக்குப்பத்தில் ஒரு கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அக்காவின் அளத்துக்குப் போய் நின்றான். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. பத்திரம் கித்திரம் என்று அந்த வீட்டில் அப்போது யாருக்கு நினைவு வரும்?

நினைவு வைத்திருந்தவர் ஒருவர் இருந்தார். சலீமின் அண்ணன். ஒரு நாள் மதியம் நிலத்துக்காரரையும் கூட்டிக்கொண்டு எங்கள் ஆபீஸ் படியேறி வந்தார். தம்பி செத்து ஒரு மாதம் ஆகியிருந்தால் அதிகம். மெஹருன்னிசாவின் குத்தகையை ரத்து செய்ய வேண்டும், அதே அளத்தை இந்த அண்ணனுக்குக் குத்தகைக்குக் கொடுக்க நிலத்துக்காரர் தயார். எந்த மனிதன் உள்ளே வரக் கூடாது என்று அந்த ஷரத்தை எழுதினோமோ, அதே மனிதன் அதையே பிடித்துக்கொண்டு உள்ளே வரப் பார்க்கிறான். என் சீனியர் அவர்களை உட்காரவைத்துக் காபி வாங்கிக் கொடுத்தார்.

அவர்கள் போன பிறகு நான் கேட்டேன். "சார், அந்த அம்மா நம்ம கட்சிக்காரங்க. அந்த ஷரத்தை எழுதினதே நீங்கதானே?"

"எழுதினதனாலதான் அது எங்க கடிக்கும்னு எனக்குத் தெரியும்" என்றார். அலட்டிக்கொள்ளாமல், பேனாவுக்கு மை போட்டுக்கொண்டே சொன்னார்.

கடிக்கிற இடம் அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. சட்டப்படி உடனே வெளியே போ என்று சொல்லிவிட முடியாது. மீறலைச் சரிசெய்ய அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அனுப்பினார். காஜா வெளியேற வேண்டும், குத்தகைதாரர் தானே நேரில் வந்து அளத்தை நடத்த வேண்டும், இல்லாவிட்டால் குத்தகை ரத்து. தாராளமான அவகாசம், எந்த நீதிபதியும் குறை சொல்ல முடியாது. ஆனால் கெடு முடிகிற தேதி இத்தா முடிவதற்கு முன்னால் விழுகிற மாதிரி வைத்திருந்தார். கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நோட்டீசை டைப் செய்யச் சொன்னார். முடியாது என்றேன். "அப்ப நாளையிலிருந்து வராதே" என்றார். சரி என்று என் கோட்டையும் டிபன் பாக்ஸையும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். இதைத் தியாகம் கியாகம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு ஆத்திரம், அவ்வளவுதான்.

நாலு நாள் கழித்துக் கோட்டக்குப்பம் போனேன். பெண் வக்கீல் என்பதால் உள்அறை வரைக்கும் போக முடிந்தது. மெஹருன்னிசா பாயில் உட்கார்ந்திருந்தாள். சிரிப்பெல்லாம் எங்கேயோ போயிருந்தது. நோட்டீஸ் ஏற்கெனவே வந்து, சுவர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"நாம எழுதச் சொன்னதுதானே வக்கீலம்மா இது?" என்றாள்.

"ஆமா."

"பேரு போட்டு எழுதியிருந்தா இது வந்திருக்காதா?"

"வந்திருக்காது."

வாசலில் நின்றிருந்த காஜா வெடித்தான். "அந்த ஆளுக்கு எதுக்குக்கா மரியாதை பாத்தீங்க? செருப்பால அடிக்கிறத விட்டுட்டு!"

"சும்மா இருடா. உங்க மச்சான் ஆசப்பட்டது அது" என்றாள்.

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கெடுவுக்குள் அவளே அளத்தில் போய் உட்கார்ந்தால் மீறல் சரியாகிவிடும், கோர்ட்டில் தடை உத்தரவு வாங்கிவிடலாம். போகாவிட்டால் அளம் போய்விடும். வளைகுடாப் பணம் நின்றுவிட்ட வீடு அது, அளத்தை விட்டால் வேறு ஒன்றும் இல்லை. "போங்கன்னு நான் சொல்லல. போனா என்ன, போகாட்டா என்னன்னுதான் சொல்றேன்" என்றேன். அவள் எழுந்து நோட்டீசை ஆணியிலிருந்து எடுத்து மடித்தாள். அப்புறம் தம்பியைப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டு வர அனுப்பினாள்.

ஹஜ்ரத் வயதானவர், நேரிலேயே வந்துவிட்டார். திரைக்கு வெளியே நின்று பேசினார். "பொழப்புக்கு வேற வழி இல்லன்னா பகல்ல போயிட்டு ராவுக்குள்ள வீட்டுக்கு வந்துடலாம்மா. மார்க்கத்துல அதுக்கு இடம் இருக்குது. யாரு கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஊர் வாயை மட்டும் என்னால மூட முடியாது மகளே" என்றார். நல்ல மனிதர். அந்தக் கதையில் எனக்கு முழுசாகப் பிடித்த ஒரே ஆள்.

மறுநாள் போனோம். காஜாதான் வேன் பேசிக் கூட்டி வந்தான். ஆனால் அளத்தின் ஓரத்தில் ரோட்டிலேயே அவன் நின்றுவிட வேண்டியதாயிற்று. "தன் வழி உறவினர்" என்று எழுதியிருக்கிறதே. அவன் கால் வரப்பில் பட்டால் போட்டோ எடுக்க நிலத்துக்காரரின் ஆள் ஒருவன் கேமராவோடு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். குடையைக்கூட அக்கா கையில் ரோட்டிலேயே கொடுத்துவிட்டான். அவள் வரப்பில் நடந்து போனாள், நான் பின்னால் போனேன். கூலிக்கு வந்திருந்த பெண்கள் எல்லோரும் வாருவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அஞ்சலை என்று ஒருத்தி, வாயாடி, அவள் கண்ணில் தண்ணீர் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். "ஏம்மா, இந்த நேரத்துல உன்னை இங்க வர வெச்சிட்டானுங்களே, வெளங்குவானுங்களா?" என்று தன் துண்டை வரப்பில் விரித்து அவளை உட்கார வைத்தாள்.

மத்தியானத்துக்குள் அண்ணன் வந்துவிட்டார். தனியாக அல்ல, ஊர்க்காரர்கள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ரோட்டில் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி கத்தினார். "பாத்தீங்களா? என் தம்பி மௌத்தாகி மண்ணு காயல, வெளிய வந்து ஆம்பள ஜனம் போற ரோட்டோரத்துல உக்காந்திருக்கா! இவளுக்கு உப்புதான் பெருசு!"

இதைத்தான் அவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வராவிட்டால் அளம் அவருக்கு. வந்தால் இந்தப் பேச்சு அவருக்கு. எந்தப் பெரிய மனிதரின் மரியாதைக்காக அவர் பெயரைப் பத்திரத்தில் போடாமல் விட்டார்களோ, அந்தப் பெரிய மனிதர் நடுரோட்டில் நின்று அவள் மரியாதையை ஏலம் போட்டார். அடச்சீ என்று ஆகிவிட்டது எனக்கு. இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் குரல் காதில் இருக்கிறது.

காஜா பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தான். கூட வந்தவர்கள் விலக்கினார்கள். அவன் உதட்டில் ரத்தம். மெஹருன்னிசா வரப்பில் எழுந்து நின்றாள். தம்பியிடம் ஓடி வரத் துடித்தாள் என்று அவள் கால் நின்ற விதத்திலேயே தெரிந்தது. நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன். "நீங்க அளத்தை விட்டு வெளிய போனா அதையும் போட்டோ எடுப்பான்" என்றேன். அவள் மறுபடி உட்கார்ந்தாள். அப்புறம் அந்த வாரம் முழுக்க, கோர்ட் உத்தரவு வரும் வரைக்கும், அதற்குப் பிறகும், தினம் வந்து உட்கார்ந்தாள்.

கேஸில் ஜெயித்தோம். என் சொந்தப் பெயரில் நான் நடத்திய முதல் கேஸ் அதுதான். எதிரில் என் சீனியர். மீறல் சரிசெய்யப்பட்டுவிட்டது, குத்தகை செல்லும் என்று நீதிபதி சொன்னார். கோர்ட் வராந்தாவில் சீனியர் என்னைப் பார்த்து, "நல்லா ஆர்க்யூ பண்ணினே நீ" என்றார். அவருக்கு வருத்தமே இல்லை. இன்னொரு கேஸ், அவ்வளவுதான். கொஞ்சமாவது முகம் சுருங்கியிருந்தால் அந்த மனிதரை மன்னித்திருப்பேன்.

வீட்டில் என்ன நடந்தது என்பதை அப்புறம்தான் கேள்விப்பட்டேன். காஜாவுக்கு ஒரு பெண் பேசி முடித்து வைத்திருந்தார்கள். அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இத்தாவில் தெருவுக்கு வந்தவளின் தம்பிக்கு எங்கள் பெண்ணைக் கொடுக்க மாட்டோம் என்றார்களாம். ஹஜ்ரத் நேரில் போய்ச் சொல்லியும் கேட்கவில்லை. காஜாவுக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்திருந்தது. "எனக்காக நீ ஒண்ணும் கேக்க வேணாம்க்கா, உன் உப்பைப் பாத்துக்க" என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னானாம். விசா கிடைத்ததும் வளைகுடாவுக்குக் கிளம்பிப் போனான். கொஞ்ச நாள் கழித்துக் கடிதம் நின்றது. அங்கேயே யாரையோ நிக்காஹ் செய்துகொண்டதாக வேறு யாரோ வந்து சொன்னார்கள்.

அவளுக்கு அந்த யோசனையைச் சொன்னது தப்பா என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். இல்லை. இன்றைக்கு வந்தாலும் அதே யோசனையைத்தான் சொல்வேன். அதைச் சொல்ல வேண்டிய நிலைக்கு அவளைக் கொண்டுவந்து விட்டது அந்த ஷரத்து. கட்சிக்காரர் ஒரு ஆளைத் தடுக்கச் சொன்னால், அந்த ஒரு ஆளைத் தடுங்கள். அவர் பெயரை எழுதக் கூச்சப்பட்டால், எதிரில் உட்காரவைத்து, அந்தக் கூச்சத்தின் விலை என்ன என்று பேசுங்கள். கட்சிக்காரர் வாழ்க்கையிலேயே மோசமான நாள் எது என்று யோசியுங்கள். அந்த நாளில் அவருக்குக் கை கொடுக்க வருகிறவனை உங்கள் "எவரையும்" வெளியே நிறுத்துமா என்று பாருங்கள். பூட்டு நல்ல பூட்டு என்று பெருமைப்படுகிறவன் வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தடவையாவது எட்டிப் பார்க்க வேண்டும். என் சீனியர் பார்க்கவே இல்லை.

குத்தகைக் காலம் முடிந்து புதுப்பிக்கும்போது மெஹருன்னிசா என்னிடம்தான் வந்தாள். நிலத்துக்காரரும் வந்தார், ஒன்றுமே நடக்காத மாதிரி சிரித்துக்கொண்டு. அவளைப் போல ஒழுங்காகக் குத்தகை கொடுப்பவர் வேறு யாரும் இல்லையாம். பழைய பத்திரத்தை முன்னால் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்து வந்தேன். அந்த ஷரத்து வந்ததும் பேனாவை எடுத்தேன்.

"இதை அடிச்சிடலாம்மா. ஐயாவும் சரின்னு சொல்லிட்டாரு" என்றேன்.

அவள் பத்திரத்தைத் தன் பக்கம் இழுத்தாள். முதல் நாள் என் சீனியர் சொல்லச் சொல்ல நான் எழுதிய அந்த வரிகளை மெதுவாகப் படித்தாள். கணவர் வழி உறவினர், தன் வழி உறவினர், கூட்டாளி, ஏஜெண்டு. படித்துவிட்டு என் பக்கம் திருப்பித் தள்ளினாள்.

"இருக்கட்டும் வக்கீலம்மா" என்றாள். "அடிச்சா மட்டும் யாரு உள்ள வரப் போறாங்க?"

நான் பேனாவை மூடி வைத்தேன். ஷரத்து அப்படியே பதிவாயிற்று.